அந்த 52 நிமிடங்கள் யாருடையவை?

தென்மாவட்டச் சிற்றூர் ஒன்றிலிருந்து 29 வயது வாசகர் ஒருவர் எழுதிய ஒன்பது பக்கக் கடிதத்தின் சாரம் இது. அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டேன். நேரக் குறிப்புகளை மட்டும் அவர் எழுதியபடியே வைத்திருக்கிறேன். என் பதில் அவற்றின் மேல்தான் நிற்கிறது.

அவருடைய தந்தைக்கு வயது 57. தோட்டத்து வேலையை முடித்துக்கொண்டு, டி.வி.எஸ். 50-இல் புல்லுக்கட்டுடன் வீடு திரும்பியவர் மீது இரவு 7.10 மணியளவில் ஊர் விலக்கில் ஒரு மினி வேன் மோதியது. வலது தொடை எலும்பு முறிந்து இரத்தம் ஓடிக்கொண்டிருந்தது. நினைவு தப்பவில்லை, தண்ணீர் கேட்டிருக்கிறார். வேன் ஓட்டுநர் தப்பி ஓடாமல் நின்று, தன் துண்டைக் கிழித்துக் கட்டுப் போட்டார். ஓடிவந்த வாசகரின் தம்பி 7.14-க்கு 108-ஐ அழைத்தார். ஊர் எது, தாலுகா எது, பக்கத்தில் அடையாளம் என்ன என்று மூன்று முறை கேட்ட பிறகு வண்டி அனுப்புவதாகச் சொன்னார்கள். 7.21-க்கு வண்டியின் பைலட் (108-இல் ஓட்டுநரை இப்படித்தான் சொல்வார்கள்) அழைத்து வழி கேட்டார். 7.38-க்கும் 7.50-க்கும் மீண்டும் அழைத்தபோது, வண்டி வந்துகொண்டிருக்கிறது என்ற பதிலே கிடைத்தது. ஆம்புலன்ஸ் வந்து நின்றபோது மணி 8.06.

வந்த வண்டியின் பக்கவாட்டுக் கண்ணாடியைத் தம்பி கல்லால் உடைத்துவிட்டார். கூட்டத்தை விலக்கித் தந்தையை ஏற்றிக்கொண்டு 8.14-க்குப் புறப்பட்ட வண்டி 8.31-க்கு அரசு தாலுகா மருத்துவமனையை அடைந்தது. அங்கிருந்து வேறொரு வண்டியில் 9.22-க்குப் புறப்பட்டு, 10.05-க்கு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். 11.40-க்கு உயிர் பிரிந்தது. காயங்களால் ஏற்பட்ட அதிர்ச்சியும் இரத்தப்போக்குமே காரணம் என்கிறது பிரேதப் பரிசோதனைச் சான்று. மறுநாள் ஊரார் உடலை வாங்க மறுத்து மறியல் செய்தார்கள். நடவடிக்கை எடுப்பதாக வட்டாட்சியர் வாக்குக் கொடுத்த பிறகு கலைந்தார்கள். இரண்டரை மாதமாகியும் எந்த நடவடிக்கையும் இல்லை. நடந்ததெல்லாம், கண்ணாடி உடைத்ததற்காகத் தம்பி மீதும் "மற்றும் பலர்" மீதும் பதிவான வழக்கு ஒன்றுதான். தம்பி இரண்டாம் நிலைக் காவலர் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருப்பவர்.

ஆம்புலன்ஸ் 15 நிமிடத்துக்குள் வர வேண்டும் என்ற சட்டத்தின்படி நுகர்வோர் நீதிமன்றத்தில் 25 லட்சம் கேட்கலாமா, அந்த ஓட்டுநரை வேலையிலிருந்து நீக்க வைக்க முடியுமா, தம்பியின் வழக்கை என்ன செய்வது என்று வாசகர் கேட்கிறார். கடைசி வரியில் இன்னொரு கேள்வியும் கேட்டிருக்கிறார். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

அன்புள்ள வாசகருக்கு,

தந்தை சாலையில் கிடக்க, கைபேசியைக் காதில் வைத்தபடி இருட்டில் ஒரு வண்டியின் விளக்குக்காகக் காத்திருப்பது எப்படி இருக்கும் என்பதை உங்கள் கடிதம் எனக்குப் புரிய வைத்தது. உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்தக் கோபம் முழுவதும் 7.14-க்கும் 8.06-க்கும் நடுவிலேயே நின்றுவிட்டது. வழக்கறிஞர் என்ற முறையில் நான் படிப்பது 7.10 முதல் 11.40 வரையிலான நான்கரை மணி நேரத்தை. அப்படிப் படித்தால் நீங்கள் ஒற்றை வரியில் கடந்துபோன ஓர் இடம் கண்ணில் படுகிறது. தாலுகா மருத்துவமனையை 8.31-க்கு அடைந்தவர் அங்கிருந்து 9.22-க்குத்தான் புறப்பட்டிருக்கிறார். அதுவும் 51 நிமிடங்கள்.

அந்த 51 நிமிடங்களில் இரத்தப்போக்கை நிறுத்த முயன்றார்களா, இரத்தம் ஏற்றினார்களா, மருத்துவர் பணியில் இருந்தாரா, மேல்சிகிச்சைக்கு அனுப்பும் முடிவு எப்போது எடுக்கப்பட்டது, முடிவெடுத்த பிறகு வண்டிக்காகக் காத்திருந்த நேரம் எவ்வளவு? சாலையோரக் காத்திருப்புக்குச் சாட்சி ஊரே இருக்கிறது. மருத்துவமனைக்குள் நடந்த காத்திருப்புக்குச் சாட்சி காகிதம் மட்டுமே. நீதிமன்றத்தில் இவற்றில் எது கனமாக இறங்கும் என்பதை ஆவணங்களைப் பார்க்காமல் சொல்ல மாட்டேன். இரண்டாவதை விட்டுவிட்டு முதலாவதை மட்டும் வழக்காக்குவது பிழை என்பதை மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

15 நிமிடச் சட்டம் என்று ஒன்று இல்லை

ஆம்புலன்ஸ் இத்தனை நிமிடத்துக்குள் வந்தே தீர வேண்டும், வராவிட்டால் இவ்வளவு இழப்பீடு என்று கூறும் சட்டப்பிரிவு எதுவும் நம் நாட்டில் இல்லை. செய்திகளில் வரும் நிமிடக் கணக்குகள் சேவையின் சராசரிகளாகவோ நிர்வாக இலக்குகளாகவோ இருக்கும். இலக்கு தவறியதை அலட்சியத்துக்கான சான்றுகளில் ஒன்றாகக் காட்டலாம். அதுவே உரிமை மீறல் ஆகிவிடாது.

சட்டத்தில் இருப்பது வேறொன்று. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் செய்யப்பட்ட திருத்தம், படுகாயம் ஏற்பட்ட பிறகான முதல் ஒரு மணி நேரத்தைப் "பொன்னான நேரம்" என்று வரையறுத்து, அந்த நேரத்தில் கட்டணமில்லாச் சிகிச்சைக்குத் திட்டம் வகுக்க வேண்டும் என்று 162-ஆவது பிரிவில் மத்திய அரசுக்குக் கடமை விதித்தது. திட்டம் வராமலே ஆண்டுகள் ஓடின. கோயம்புத்தூர் எலும்பு முறிவு மருத்துவர் ச. ராஜசேகரன் 2012-இல் தொடுத்த பொதுநல வழக்கில் உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியில் கெடு வைத்த பிறகே, அந்த ஆண்டு மே மாதம் அது நடைமுறைக்கு வந்தது. விபத்தில் சிக்கியவருக்கு 7 நாட்கள் வரை, ஒன்றரை லட்சம் ரூபாய் வரை கட்டணமில்லாச் சிகிச்சை தரும் திட்டம் அது. தமிழ்நாட்டில் 2021 டிசம்பரிலேயே தொடங்கிய "இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48" திட்டமும் முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை அரசே ஏற்கும் வகையில் அமைந்தது. பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனைகளுக்கும் அது பொருந்தும். வழியில் இருந்த தனியார் மருத்துவமனைக்கு "முன்பணம் கேட்பார்கள் என்று போகவில்லை" என எழுதியிருக்கிறீர்கள். அவசரச் சிகிச்சையை எந்த மருத்துவரும் மறுக்கக் கூடாது என்று பரமானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1989-லேயே கூறிவிட்டது. அந்த இரவில் உங்களுக்கு இதெல்லாம் தெரிந்திருக்க வேண்டும் என்று சொல்ல வரவில்லை. வாசலில் எழுதி ஒட்டாத திட்டம் ஊருக்குத் தெரியாமல் போனால் அது ஊரின் குற்றம் ஆகாது.

உயிர் வாழும் உரிமையைக் காக்கும் அரசியலமைப்பின் 21-ஆவது பிரிவு உங்களுக்கு உறுதியான தரை. கொல்கத்தாவுக்கு அருகே 1992-இல் ரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட ஹக்கீம் ஷேக் என்ற தொழிலாளியை அரசு மருத்துவமனைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திருப்பி அனுப்பின. அந்த வழக்கில் 1996-இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், உரிய நேரத்தில் அவசரச் சிகிச்சை கிடைக்கச் செய்வது அரசின் கடமை என்றும், பணமில்லை என்று சொல்லி அரசு அதிலிருந்து நழுவ முடியாது என்றும் கூறியது. அவருக்குக் கிடைத்த இழப்பீடு 25,000 ரூபாய். கொள்கையில் பெரிய தீர்ப்பு, தொகையில் சிறியது. 25 லட்சம் என்ற எண்ணை மனத்தில் வைத்திருக்கும் உங்களுக்கு இந்த இரண்டும் சேர்ந்தே தெரிந்திருக்க வேண்டும்.

நுகர்வோர் நீதிமன்றம் ஏன் முதல் கதவு அல்ல

எல்லாருக்கும் கட்டணமின்றி வழங்கப்படும் மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்று இந்திய மருத்துவச் சங்கம் – வி.பி. சாந்தா வழக்கில் 1995-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நாங்கள் வரி கட்டுகிறோமே என்று நீங்கள் கேட்கிறீர்கள். அதே வாதம் அங்கும் வைக்கப்பட்டது. வரி என்பது குறிப்பிட்ட சேவைக்கான கட்டணம் ஆகாது என்று நீதிமன்றம் அதைத் தள்ளியது. 2019-ஆம் ஆண்டின் புதிய நுகர்வோர் சட்டமும் இலவசச் சேவையை விலக்கியே வைத்திருக்கிறது. ஒரு தனியார் அமைப்புக்கு அரசு பணம் கொடுத்து இந்தச் சேவையை நடத்துகிறது, நான் அதன் பயனாளி என்று ஒரு வாதம் வைக்கலாம்; "நுகர்வோர்" என்பதற்கான வரையறையில் அதற்குக் கொஞ்சம் இடமும் இருக்கிறது. ஆனால் அந்த வாதத்தை மட்டும் நம்பி இரண்டு மூன்று ஆண்டுகளைச் செலவிடச் சொல்ல என் மனம் ஒப்பவில்லை.

சேவையைத் தனியார் நடத்துவதால் அரசுக்குப் பொறுப்பில்லை என்று உங்களிடம் யாராவது சொல்லியிருந்தால் அதுவும் சரியல்ல. கடமையை இன்னொருவர் கையில் கொடுத்துச் செய்விக்கலாம், கைகழுவிவிட முடியாது. அரசு மருத்துவமனைகளின் அலட்சியத்துக்கு அரசே பொறுப்பேற்க வேண்டும் என்று 1996-இலும் 2000-இலும் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் கூறுகின்றன. அரசின் மீது வழக்குத் தொடுக்கவே முடியாது என்ற பழைய எண்ணத்தை மருத்துவச் சேவையைப் பொறுத்தவரை விட்டுவிடலாம்.

ஓட்டுநரைப் பற்றி

வண்டி எங்கே போக வேண்டும் என்பதை பைலட் தீர்மானிப்பதில்லை. சென்னையில் உள்ள கட்டுப்பாட்டு அறை அழைப்பை எடுத்து, இடத்தைப் பதிந்து, காலியாக இருக்கும் வண்டிக்கு அனுப்புகிறது. உங்களுக்கு அருகில் நிற்க வேண்டிய வண்டி அந்த நேரத்தில் வேறொரு நோயாளியை இறக்கிக்கொண்டிருந்திருக்கலாம், பழுதாகிப் பணிமனையில் நின்றிருக்கலாம், 40 கிலோமீட்டர் தள்ளியிருந்த வண்டியை அனுப்பியிருக்கலாம். அந்த ஓட்டுநர் ஒரு நிமிடத்தைக்கூட வீணாக்காமல் வந்திருக்கவும் வாய்ப்புண்டு. டீக்கடையில் நின்றிருக்கவும் வாய்ப்புண்டு. இன்றைய நிலையில் இரண்டுமே நமக்குத் தெரியாது.

இடக் குழப்பத்தையும் ஒதுக்க முடியாது. என் அனுபவத்தில் வந்த வழக்கு ஒன்றில் வண்டி உரிய நேரத்தில் புறப்பட்டு, உரிய வேகத்தில், அதே பெயருள்ள வேறொரு ஊரின் விலக்குக்குப் போய் நின்றது. நம் மாவட்டங்களில் புதூருக்கும் காலனிக்கும் கணக்கில்லை. அழைத்தவர் பதற்றத்தில் சொன்னது ஒன்று, எழுதிக்கொண்டவர் கேட்டது ஒன்று. 7.21-க்கு பைலட் வழி கேட்டதாக நீங்கள் எழுதியிருப்பதைப் படித்தபோது எனக்கு அந்த வழக்குதான் நினைவுக்கு வந்தது. அழைத்தவர் தடுமாறியது பிழை என்று யாரும் சொல்ல முடியாது. தடுமாறுகிறவரிடமிருந்து இடத்தைச் சரியாகக் கேட்டு வாங்குவதற்கே பயிற்சி பெற்றவர் மறுமுனையில் உட்கார்ந்திருக்கிறார். ஆனால் அப்படி நடந்திருந்தால் குறை கட்டுப்பாட்டு அறையில் இருக்கிறது, ஓட்டுநரிடம் இல்லை. ஆகவே, "ஓட்டுநரை நீக்குக" என்ற கோரிக்கையை இப்போதைக்கு எந்த மனுவிலும் எழுதாதீர்கள். தவறான ஆளைக் குறிவைத்த மனு, சரியான ஆளுக்கு நல்ல கேடயம்.

முதலில் நிமிடங்களைக் காகிதத்துக்குக் கொண்டுவாருங்கள்

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் சுகாதாரத் துறையின் பொதுத் தகவல் அலுவலருக்கு 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி விண்ணப்பியுங்கள். அலுவலகம் மாறிப் போனாலும் கவலையில்லை. உரிய அலுவலகத்துக்கு 5 நாட்களுக்குள் மாற்றி அனுப்ப வேண்டும் என்கிறது பிரிவு 6(3). உயிர் சம்பந்தப்பட்ட தகவலை 48 மணி நேரத்தில் தர வேண்டும் என்ற விதியை உங்கள் கடிதத்தில் மேற்கோள் காட்டியிருக்கிறீர்கள். உயிர் ஆபத்தில் இருக்கும்போது பொருந்துவது அது. உங்களுக்கு 30 நாள் கணக்குதான். பதில் வராவிட்டால் அடுத்த 30 நாட்களுக்குள் முதல் மேல்முறையீடு, அதற்குப் பிறகு 90 நாட்களுக்குள் மாநிலத் தகவல் ஆணையம்.

விண்ணப்பத்தில் "ஏன் தாமதம்?" என்று கேட்காதீர்கள். கையில் உள்ள ஆவணத்தைத் தருவதுதான் அவர்கள் கடமை, விளக்கம் தருவது அல்ல. ஏன் என்று கேட்டால் அதையே காரணம் காட்டித் திருப்பிவிடுவார்கள். குறிப்பிட்ட நாளில், குறிப்பிட்ட எண்ணிலிருந்து வந்த மூன்று அழைப்புகளின் ஒலிப்பதிவு நகல், அழைப்பு பதிவான நேரம், வண்டி ஒதுக்கப்பட்ட நேரம், புறப்பட்ட நேரம், புறப்பட்ட இடம், இடத்தை அடைந்த நேரம், வண்டியின் ஜி.பி.எஸ். பதிவு, அந்த இரவு 7 முதல் 8.30 வரை உங்கள் வட்டத்துக்கு ஒதுக்கப்பட்ட வண்டிகள் எங்கெங்கே இருந்தன என்ற பதிவு, வண்டிக்குள் எழுதப்பட்ட நோயாளி பராமரிப்புப் படிவம் என்று ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். தம்பியின் கைபேசி அழைப்புப் பட்டியலின் நகலையும் வாரிசுச் சான்றையும் இணையுங்கள். மூன்றாம் நபரின் தகவல் என்று மறுப்பதை அது கடினமாக்கும். ஒலிப்பதிவை அழிக்காமல் வைத்திருக்கக் கோரி, தனியாக ஒரு கடிதத்தைப் பதிவுத் தபாலில் இன்றே அனுப்பிவிடுங்கள். தகவல் வருவதற்குள் பதிவு அழிந்துவிட்டால் பிறகு புலம்பிப் பயனில்லை.

இரண்டு மருத்துவமனைகளிலிருந்தும் விபத்துப் பதிவேட்டின் நகலை, அதாவது எல்லாரும் சொல்லும் ஏ.ஆர். காப்பியை, வாங்குங்கள். தாலுகா மருத்துவமனையின் சிகிச்சைக் குறிப்பும் மேல்சிகிச்சைக்கு அனுப்பிய சீட்டும் உங்கள் வழக்கின் முதுகெலும்பு ஆகலாம். அவற்றோடு பிரேதப் பரிசோதனை அறிக்கையையும் எடுத்துக்கொண்டு, வழக்கில் தொடர்பில்லாத ஓர் அறுவைச் சிகிச்சை மருத்துவரிடம் கேளுங்கள்: தொடை எலும்பு முறிந்து இரத்தம் இழந்த 57 வயதுக்காரர், அரை மணி நேரம் முன்னதாகச் சிகிச்சை பெற்றிருந்தால் பிழைத்திருக்கும் வாய்ப்பு எவ்வளவு? தாமதம் நடந்தது என்று நிரூபிப்பது எளிது; தாமதத்தால்தான் உயிர் போனது என்று நிரூபிப்பது கடினம். இத்தகைய வழக்குகளில் பெரும்பாலானவை இடறி விழுவது இந்த இரண்டுக்கும் நடுவில்தான்.

கோரிக்கை மனுவைத் திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் ஆட்சியரிடம் கொடுப்பதையும் முதலமைச்சரின் உதவி எண்ணான 1100-இல் பதிவு செய்வதையும் தடுக்க மாட்டேன். நீங்கள் யாரைப் பற்றிப் புகார் சொன்னீர்களோ அவருக்கே மனு போய்ச் சேரும், "விசாரித்ததில் குறையேதுமில்லை" என்று பதில் வரும். வரட்டும், அந்தப் பதிலும் ஓர் ஆவணம்தான்.

நீங்கள் மறந்துவிட்ட வழக்கு

ஒன்பது பக்கங்களில் வேன் ஓட்டுநருக்கு நான்கு வரிதான் ஒதுக்கியிருக்கிறீர்கள். "அவர் நின்றார், கட்டுப் போட்டார், அவர் மேல் வழக்குப் போட எங்களுக்கு மனமில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் பெருந்தன்மையை மதிக்கிறேன், ஆனால் அது தவறான புரிதலில் பிறந்தது. மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் யாரையும் தண்டிப்பதில்லை. வேனுக்குக் கட்டாயக் காப்பீடு இருந்தால் தொகையைத் தருவது காப்பீட்டு நிறுவனம். அந்த ஓட்டுநரின் வீட்டுச் சட்டியிலிருந்து எதையும் நீங்கள் எடுக்கப் போவதில்லை. குற்றவியல் வழக்கு வேறு. அதைக் காவல்துறை நடத்தும், அது உங்கள் விருப்பத்தில் இல்லை.

உங்கள் தாயாருக்கும் உங்களுக்கும் கணிசமான இழப்பீடு கிடைக்கக்கூடிய இடம் உண்மையில் இதுதான். தந்தையின் வருமானம், வயது, அவரைச் சார்ந்திருந்தோர் எண்ணிக்கை ஆகியவற்றைக் கொண்டு கணக்கிடுவார்கள். ஆண்டு வருமான இழப்பை எத்தனையால் பெருக்குவது என்பதற்கு, 56 முதல் 60 வயது வரை 9 என்பது சரளா வர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் 2009-இல் வகுத்த பெருக்கெண். ஆம்புலன்ஸ் தாமதமாக வந்தது என்பது இந்த மனுவைப் பலவீனப்படுத்தாது. விபத்துக் காயத்தால்தான் மரணம் என்று பிரேதப் பரிசோதனையே சொல்கிறது. இரண்டரை மாதம் போய்விட்டது. விபத்து நடந்த 6 மாதத்துக்குள் மனு செய்ய வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் பிரிவு 166(3). அந்தக் கெடுவை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் வழக்குகள் இருப்பது உண்மைதான். அதை நம்பி நாளைக் கடத்தாதீர்கள். நீங்கள் வசிக்கும் எல்லைக்குள் உள்ள தீர்ப்பாயத்திலேயே மனு செய்யலாம். காவல்துறை தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டிய விரிவான விபத்து அறிக்கை போய்விட்டதா என்பதையும் நிலையத்தில் விசாரியுங்கள். விபத்து நடந்த 90 நாளுக்குள் அது போய்ச் சேர வேண்டும். உங்கள் தாயார் பெண் என்ற ஒரு காரணமே, வருமான வரம்பு பார்க்காமல் இலவசச் சட்ட உதவி பெறப் போதும். மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும்; தொலைபேசியில் என்றால் 15100.

அரசுக்கு எதிரான வழிகள்

ஆவணங்கள் வந்த பிறகே இவற்றில் எதைத் தேர்வது என்று முடிவெடுக்க வேண்டும். உயர் நீதிமன்றத்தின் மதுரை அமர்வில் நீதிப்பேராணை (ரிட்) மனு போடலாம். ஆனால் உண்மைகளே தகராறில் இருக்கும் அலட்சிய வழக்குகளில் நீதிப்பேராணை வழியாக இழப்பீடு கேட்க முடியாது என்று சுகமணி தாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1999-இல் கூறியது. வண்டியின் நேரப் பதிவு அரசின் சொந்தக் காகிதத்திலேயே இருந்தால் தகராறுக்கு இடம் சுருங்கிவிடும். அதனால்தான் தகவல் விண்ணப்பத்தை முதலில் வைத்தேன். மாநில மனித உரிமை ஆணையத்துக்குச் சம்பவம் நடந்த ஓராண்டுக்குள் போக வேண்டும். வழக்கறிஞர் தேவையில்லை, கட்டணம் இல்லை. அதன் பரிந்துரைகள் அரசைக் கட்டுப்படுத்தும் என்று சென்னை உயர் நீதிமன்ற முழு அமர்வு 2021-இல் தீர்ப்பளித்திருக்கிறது. உங்கள் நிலையில் உள்ளவர்களுக்கு நான் அதிகம் பரிந்துரைப்பது இந்த ஆணையத்தைத்தான். உரிமையியல் வழக்கு என்றால் அரசுக்கு இரண்டு மாத முன்னறிவிப்பு கொடுக்க வேண்டும். மரணத்துக்கான இழப்பீட்டு வழக்கின் காலவரம்பு 2 ஆண்டு.

எந்த வழியில் போனாலும், உங்கள் வட்டத்துக்கு இன்னொரு வண்டியும் அது நிற்க ஓர் இடமும் வேண்டும் என்ற கோரிக்கையைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஊர்மக்கள் மறியலில் கேட்டதும் அதுதான் என்று எழுதியிருக்கிறீர்கள். ஊராட்சித் தீர்மானம் ஒன்று இணைத்தால் மனுவுக்குக் கனம் கூடும்.

தம்பியின் வழக்கு

இதில் உங்களுக்குப் பிடிக்காத ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. 8.06-க்கு வந்த வண்டி 8.14-க்குத்தான் புறப்பட்டது. காயம்பட்டவரை ஸ்ட்ரெச்சரில் ஏற்றுவதற்கே சில நிமிடம் ஆகும் என்பது உண்மை. ஆனாலும் எதிர்த்தரப்பு அந்த 8 நிமிடங்களைத்தான் முதலில் எடுத்து வைக்கும்: கல்லெறிந்த கூட்டத்தால்தான் தாமதம் என்று. அதற்கு முந்தைய 52 நிமிடங்களை அது மறைத்துவிடாது, ஆனால் நீதிபதி முன்பு உங்கள் குரலைத் தாழ்த்தும்.

முதல் தகவல் அறிக்கையின் நகலை எடுத்து, எந்தெந்தப் பிரிவுகள் என்று பாருங்கள். மருத்துவப் பணியாளர்களையும் மருத்துவ நிறுவனச் சொத்துக்களையும் பாதுகாக்கும் 2008-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டமோ, 1992-ஆம் ஆண்டின் சொத்துச் சேதத் தடைச் சட்டமோ சேர்க்கப்பட்டிருந்தால் அது பிணையில் எளிதில் விடக்கூடிய சிறு வழக்கு அல்ல. உடனே முன்பிணை மனு போடுங்கள். சேதத் தொகையைக் கட்டச் சொல்லி நிபந்தனை வைப்பார்கள். கண்ணாடியின் விலையைக் கட்டத் தயார் என்று நீங்களே முன்வந்து சொல்வது நல்லது. பிறகு சூழ்நிலையை விளக்கி, வழக்கை ரத்து செய்யக் கோரி உயர் நீதிமன்றத்தை அணுகலாம்.

காவலர் தேர்வைப் பொறுத்தவரை "விசாரணையில் விடுதலை ஆகிவிடலாம், பிரச்சினையில்லை" என்று யாரோ சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அது அவ்வளவு எளிதல்ல. தமிழ்நாட்டுக் காவல் பணி விதிகளின்படி, சந்தேகத்தின் பலனில் பெற்ற விடுதலைகூடத் தடையாக நிற்கும். ஆகவே ரத்து கோருவதே அவருக்கு ஏற்ற வழி. அதுவரை எந்தப் படிவத்திலும் வழக்கு நிலுவையில் இருப்பதை மறைக்க வேண்டாம். மறைத்தது பின்னால் தெரியவந்தால், வழக்கைவிட மறைத்ததே வேலைக்கு உலை வைக்கும். 2016-இல் அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறிகளைத் தம்பியை ஒருமுறை படிக்கச் சொல்லுங்கள். அவருடைய கைபேசியை விற்கவோ மாற்றவோ வேண்டாம். அதில் இருக்கும் அழைப்புப் பட்டியலை மின்னணுச் சான்றாகத் தாக்கல் செய்யும்போது, 2023-ஆம் ஆண்டின் புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆவது பிரிவின்படி சான்றிதழ் இணைக்க வேண்டியிருக்கும். விலக்கில் கடை வைத்திருப்பவரின் கேமராப் பதிவு இரண்டரை மாதத்தில் அழிந்திருக்கலாம். எதற்கும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

இனி, உங்கள் கடைசி வரி. "வேன் ஓட்டுநர் தன் வண்டியிலேயே ஏற்றிக்கொண்டு போகலாம் என்றார், தம்பிதான் வேண்டாம் என்று தடுத்துவிட்டான், போயிருந்தால் அப்பா பிழைத்திருப்பாரா?"

மருத்துவம் தொடர்பான அந்தக் கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடியாது. தொடை முறிந்தவரைத் தூக்கி ஒரு சரக்கு வேனின் தகரத்தில் கிடத்துவதால் வரும் கேடுகளும் உண்டு என்பதை அந்த அறுவைச் சிகிச்சை மருத்துவர் உங்களுக்கு விளக்குவார். சட்டம் தொடர்பான பகுதிக்கு மட்டும் பதில் சொல்கிறேன், ஏனென்றால் தீர்ப்பாயத்தில் காப்பீட்டு நிறுவனத்தின் வழக்கறிஞர் இதையே தம்பியைக் கூண்டில் ஏற்றிக் கேட்கக்கூடும். 7.14-க்கு வண்டி அனுப்புகிறோம் என்றார்கள். 7.38-க்கும் 7.50-க்கும் வந்துகொண்டிருக்கிறது என்றார்கள். ஒரு மணி நேரம் ஆகும் என்று அன்று ஒரே ஒரு முறை யாராவது சொல்லியிருந்தால் தம்பி வேறு முடிவு எடுத்திருப்பார். வரும் என்று சொன்ன வண்டிக்காகக் காத்திருந்ததைச் சட்டம் அவருடைய அலட்சியமாக எண்ணாது. அவர் என்ன கேட்டார், அவர்கள் என்ன சொன்னார்கள் என்பது அந்த மூன்று ஒலிப்பதிவுகளில் அவரவர் குரலிலேயே இருக்கிறது. பதிவுத் தபாலை நாளைக்கு என்று தள்ளிவைக்காதீர்கள்.